மறுபடியும் 'நீட்' எழுதட்டுமா, டாக்டர்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் என் கிளினிக்குக்குத் தனி ரகமான பேஷண்ட்டுகள் வர ஆரம்பிப்பார்கள். வயது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். கூடவே அப்பா, அம்மா. "சாப்பிட்டதும் வயித்தைக் கலக்குதுன்னு ஓடுறான் டாக்டர்" என்பார் அம்மா. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணே மூடலை" என்பார் அப்பா. பிள்ளை வாயைத் திறக்காது. நாடியைப் பிடித்துக்கொண்டே, "தம்பி, நீட் எழுதினியா?" என்று கேட்டால் போதும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிவார்கள்.

வயிற்றுக்கு மருந்து எழுதி முடித்த பிறகுதான், வந்த காரியம் வெளியே வரும். "இன்னொரு வருஷம் போட்டுப் பார்க்கலாமா டாக்டர்? ஒரே ஒரு வருஷம்தானே?"

வாசகர்களே, நான் கோச்சிங் சென்டர் நடத்துகிறவன் இல்லை. அட்மிஷன் ஏஜெண்ட்டும் இல்லை. கீழ்க்கட்டளையில் உட்கார்ந்து சித்த வைத்தியம் பார்க்கிறவன். ஆனால் 'ஒரே ஒரு வருஷம்' என்று சொல்கிறோமே, அது ஒரு பிள்ளையின் உடம்பில் என்னென்ன செய்கிறது என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், பல்லாவரம் என்று நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது இந்தக் கேள்வி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வருஷம் வீட்டில் இருந்து திரும்ப எழுதுவது நமக்குப் புதிதல்ல. இன்று அப்பா, அம்மாவாக இருப்பவர்களுக்கு 'இம்ப்ரூவ்மெண்ட்' என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும். அப்போது மருத்துவம், இன்ஜினீயரிங் இரண்டுக்கும் 300-க்குக் கட்-ஆஃப். பிளஸ் டூ மார்க்கிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100. இரண்டு மார்க் குறைந்தது என்று மறுபடி பிளஸ் டூவையே எழுதியவர்கள் எத்தனை பேர்! 2005-இல் தமிழக அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மெண்ட்டையும் சேர்த்து நிறுத்தப் பார்த்தது. அந்த ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2006-இல் சட்டமே கொண்டுவந்து நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். பத்து வருஷம் பிளஸ் டூ மார்க்கிலேயே ஓடியது. 2017-இல் நீட் வந்தது. இம்ப்ரூவ்மெண்ட் போன இடத்தில் 'ரிப்பீட்டர்' வந்து உட்கார்ந்தது.

எந்த அளவுக்கு? தமிழக அரசு 2021-இல் அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-17-இல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 87.53 சதவீதம் பேர் அந்த வருஷமே பிளஸ் டூ முடித்தவர்கள். 2020-21-இல் அது 28.58 சதவீதமாக இறங்கிவிட்டது. மீதி 71.42 சதவீதம் பேர் திரும்ப எழுதி வந்தவர்கள்.

இந்தக் கணக்கைத்தான் கோச்சிங் சென்டர்காரர்களும் காட்டுகிறார்கள், பக்கத்து வீட்டு மாமாவும் காட்டுகிறார். "பாருங்க சார், நூத்துக்கு எழுபது பேர் ரிப்பீட்டர்!" கணக்கு சரிதான். ஆனால் அது சேர்ந்தவர்களை எண்ணிய கணக்கு. திரும்ப எழுதியும் சேராமல் போனவர்களை அதில் யாரும் எண்ணவில்லை. மலை ஏறிவிட்டு இறங்கி வந்தவர்களிடம் மட்டும் கேட்டால், மலை சுலபமானது என்றுதானே தோன்றும்? இந்த எண்ணை வைத்து உங்கள் பிள்ளைக்கு முடிவு எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

மார்க்கைப் பார்க்காதீர்கள்

முதலில், 'பாஸ்' என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். 2025-இல் நீட் எழுதியவர்கள் 22 லட்சம் பேர். 'தகுதி' பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அதிலும் அரசுக் கல்லூரி இடம் ஏறக்குறைய பாதிதான். "என் பொண்ணு நீட் பாஸ் பண்ணிட்டா, ஆனா சீட் தரமாட்டேங்கிறாங்க" என்று ஒரு தகப்பனார் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த வார்த்தை அப்படி ஏமாற்றுகிறது.

அடுத்து, மார்க். 2024-இல் முதலில் வந்த ரிசல்ட்டில் 720-க்கு 720 வாங்கியவர்களே 67 பேர். பிறகு கருணை மதிப்பெண்ணை ரத்து செய்து, 1,563 பேருக்கு மறுதேர்வு வாய்ப்புக் கொடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், திருத்திய ரிசல்ட்டில் அது 17 ஆயிற்று. அந்த வருஷம் 620 வாங்கிவிட்டு, இடம் கிடைக்குமா என்று கலங்கி நின்ற பிள்ளைகள் உண்டு. 2025-இல் பௌதிகம் போட்டுத் தாக்கியது. நாட்டிலேயே முதலில் வந்தவருக்கு 686. அந்த வருஷம் 620 வாங்கியிருந்தால் முன்வரிசை நாற்காலி!

ஆகவே "போன வருஷம் 480, இந்த வருஷம் 430, இறங்கிட்டான்" என்று திட்டாதீர்கள். ரேங்கைப் பாருங்கள். உங்கள் பிரிவில் கடைசி இடம் எந்த ரேங்க் வரை போயிற்று, உங்கள் பிள்ளை அதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 2020 முதல் இருக்கிற 7.5 சதவீத இடஒதுக்கீட்டின் கடைசி ரேங்க் வேறு. அதையும் பாருங்கள். வாசலைத் தொட்டுவிட்டு நின்றவனுக்கும், பஸ்ஸே பிடிக்காதவனுக்கும் ஒரே ஆலோசனை சொல்ல முடியாது.

தூரம் தெரிந்ததா? இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையுடன் உட்காருங்கள். தேர்வு முகமை விடைத்தாளின் நகலையும் விடைக் குறிப்பையும் இணையதளத்தில் போடுகிறது. அதை எடுத்து வையுங்கள். தப்பான விடைகளை மட்டும் மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தெரியவே தெரியாதது ஒன்று. தெரிந்தும் அவசரத்தில் விட்டது இரண்டு. 'சும்மா போட்டு வைப்போம்' என்று போட்டது மூன்று.

என்னிடம் வந்த ஒரு பையன் 180-இல் 160 கேள்விக்கு விடை போட்டிருந்தான். 110 சரி, 50 தப்பு. சரிக்கு நாலு மார்க், தப்புக்கு ஒரு மார்க் கழிவு. 440-இல் 50 போய் 390. அந்த ஐம்பதில் முப்பது 'போட்டு வைப்போம்' ரகம். அதைத் தொடாமல் விட்டிருந்தாலே 420! கூடுதலாக ஒரு பாடம்கூடப் படிக்க வேண்டாம். இன்னொரு பெண்ணுக்குத் தப்பு முழுக்கப் பௌதிகத்தில். அதுவும் பிளஸ் ஒன் பாடத்தில். பிளஸ் ஒன் வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்து இரண்டு மாதம் படுத்திருக்கிறாள். அந்த ஓட்டையை அடைக்க ஒரு வருஷம் தாராளமாகப் போதும். இரண்டு பேருக்குமே "எழுதலாம்" என்றேன்.

மூன்றாவதாக ஒருவன். எல்லாப் பாடத்திலும், எல்லா அத்தியாயத்திலும் பரவலாகத் தப்பு. ஏற்கெனவே ஒரு வருஷம் கோச்சிங் போய்விட்டு வந்தவன். "அடுத்த வருஷம் எதை மாத்திப் பண்ணப் போறே?" என்று கேட்டேன். "இன்னும் நல்லா படிப்பேன் சார்" என்றான். இந்தப் பதில் வந்தால் உஷாராகிவிடுங்கள். எது மாறப் போகிறது என்று பெயர் சொல்லத் தெரியாத வருஷம், போன வருஷத்தின் மறு ஒளிபரப்பாகத்தான் இருக்கும். படிக்கும் நேரத்தைக் கூட்டுகிறேன் என்பது மாற்றம் ஆகாது. பன்னிரண்டு மணி நேரம் படித்தவன் எங்கிருந்து கூட்டுவான்? தூக்கத்திலிருந்துதான்!

எட்டு வகைத் தேர்வு

எங்கள் சித்த மருத்துவத்திலும் 'தேர்வு' உண்டு. நோயாளியைப் பார்க்கும் முறைக்கே எண்வகைத் தேர்வு என்றுதான் பெயர். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு. இன்னொரு வருஷம் என்று முடிவு செய்யும் முன் உங்கள் பிள்ளை இந்தத் தேர்வில் எப்படி இருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா? வைத்தியரிடம் வரும் முன்பே பாதியை நீங்களே கவனிக்கலாம். கண் உள்ளே போயிருக்கிறதா? நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? காலையில் மலம் ஒழுங்காகப் போகிறதா? பேச்சு எப்படி இருக்கிறது... கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா, இல்லை கதவைச் சாத்துகிற சத்தம்தான் வருகிறதா?

பதினான்கு வேகங்கள் என்று எங்கள் நூல்களில் ஒரு பட்டியல் உண்டு. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள். அவற்றை அடக்கினால் நோய் என்பது அடிப்படைப் பாடம். பசி, தாகம், தூக்கம், மூத்திரம், மலம், இளைப்பு, கண்ணீர்கூட அதில் ஒன்று. நீட்டுக்குப் படிக்கிற பிள்ளையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வேன். டிபன் பாதி. கிளாஸ் நடுவில் எழுந்து போகக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு நீர்க்கடுப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போய் மூன்று மணிக்கு. ராத்திரி டீ, மறுபடி டீ. தூக்கம் ஐந்து மணி நேரம். அழுகை வந்தால், "இப்ப அழுது என்ன ஆகப் போகுது?" என்று வீட்டில் அதட்டல். பதினான்கில் பாதியை ஒரே நாளில் அடக்கிவிடுகிறோம். வாதமும் பித்தமும் சேர்ந்து கிளம்பாமல் என்ன செய்யும்?

தூக்கத்தைப் பற்றி நவீன மருத்துவம் சொல்வதும் இதையேதான். பகலில் படித்தது மூளையில் பதிவாகிப் படிகிற வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, தண்ணீர் இறைத்துவிட்டுப் பானையில் ஓட்டை போடுகிற கதை.

"ஞாபக சக்திக்கு ஒரு லேகியம் கொடுங்க டாக்டர், மார்க் ஏறணும்" என்று கேட்காத தாய்மார்கள் இல்லை. வல்லாரை நல்ல கீரை. வாரம் இரண்டு நாள் துவையலாக அரைத்துப் போடுங்கள், நானே சொல்கிறேன். ஆனால் வல்லாரையைத் தின்று ரேங்க் வாங்கியவனை நான் பார்த்ததில்லை. மார்க் ஏறும் என்று சொல்லி எவராவது டப்பா விற்றால், அது என் துறைக்காரராகவே இருந்தாலும், வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். படித்தது நிற்கவில்லை, எப்போது பார்த்தாலும் அசதி என்கிற பெண் பிள்ளைகளில் பலருக்கு ரத்தச் சோகை இருக்கும். சிலருக்குத் தைராய்டு. மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதம் தள்ளிப்போவதை 'டென்ஷன்' என்று விட்டுவிடுகிறோம். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பவர் மாறியதே தெரியாமல் தலைவலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த பையனை எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு கடுமையான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நம் பக்கத்திலிருக்கும் குரோம்பேட்டையில், இரண்டு முறை நீட் எழுதிய ஒரு பையனை இழந்தோம். அடுத்த சில நாளுக்குள் அவன் அப்பாவையும் இழந்தோம். ஒரு உயிர் போவதற்கு ஒரே காரணம்தான் என்று எந்த வைத்தியனும் சொல்ல மாட்டான். ஆனால் அடையாளங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, பிடித்த பண்டத்தைக்கூடத் தொடுவதில்லை, நண்பர்கள் போனை எடுப்பதில்லை, "நான் உங்களுக்குப் பாரம்" என்ற மாதிரிப் பேச்சு... இதைக் கண்டால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். என்னிடம் வந்தாலும் அங்கேதான் அனுப்புவேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. நடு ராத்திரி என்றால் 104, அல்லது 14416. இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். அந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம் மறு தேர்வு பற்றிய பேச்சையே எடுக்காதீர்கள். உடம்பும் மனசும் தேறட்டும். நீட்டுக்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற வரம்பும் இல்லை. அடுத்த வருஷமும் அது அங்கேயேதான் இருக்கும்.

வரம்பு இல்லை என்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நிறுத்துகிற இடத்தை அரசாங்கம் சொல்லாது. வீட்டில்தான் சொல்ல வேண்டும். தொடங்கும் முன்பே, "இது கடைசி" என்றோ, "இன்னும் ஒன்று, அவ்வளவுதான்" என்றோ பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

யார் சொல்வது?

நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அப்பா, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகக் கேட்பேன்: "மெடிக்கல் சீட் கிடைக்காதுன்னு இன்னிக்கே தெரிஞ்சிட்டா, நாளைக்கு என்ன பண்ணுவே?" சிலர் அழுவார்கள். அவர்களுக்கு ஆசை நிஜம். சிலர் பெருமூச்சு விட்டு, "அக்ரி படிப்பேன் சார்", "பி.எஸ்சி. மேத்ஸ் சார்" என்பார்கள். முகமே மாறிவிடும். போன வருஷம் ஒரு பெண் "தூங்குவேன் அங்கிள்" என்றாள். அவளுக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. அவள் அப்பாவை உள்ளே கூப்பிட்டுத்தான் பேசினேன். கோச்சிங்குக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். "கட்டின பணம் போயிடுமே" என்றார். பணம் போனது போனதுதான், சார். அதோடு சேர்த்து ஒரு வருஷத்தையும் ஏன் போட வேண்டும்?

வேளாண்மைக்கும், கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு நீட்டுக்கும் படிப்பதில் தப்பில்லை. கையில் ஒன்று இருக்கிறது என்பதே சிலருக்குத் தூக்கத்தைக் கொண்டுவந்துவிடும். ஆனால் சேரும் முன் நடுவில் விலகினால் என்ன விதி, சான்றிதழ் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"அப்போ சித்தாவாவது சேர்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 'வாவது' இருக்கிறதே, அதை என் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். சித்தாவுக்கும் இப்போது நீட் தகுதி வேண்டும். படிப்பு ஐந்தரை வருஷம். பிடித்து வருகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல படிப்பு இல்லை என்று முப்பது வருஷ அனுபவத்தில் சொல்வேன். வேண்டாவெறுப்பாக வந்தால் அந்தப் பிள்ளைக்கும் கஷ்டம், நாளைக்கு அதனிடம் வைத்தியத்துக்கு வருகிறவருக்கும் கஷ்டம்!

சரி, எல்லாம் பார்த்து, பிள்ளையே வாய் திறந்து "எழுதறேன்" என்று சொல்லிவிட்டான். முதல் இரண்டு வாரம் புத்தகத்தைத் தொட விடாதீர்கள். தூங்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும். ஊருக்குப் போய்விட்டு வரட்டும். அதன் பிறகு ஆரம்பியுங்கள். தேர்வு நடப்பது மே மாதம், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை. 2025-இல் அது மே 4, அக்னி நட்சத்திரம் பிறந்த அன்றே நடந்தது. ராத்திரி முழுக்க விழித்துப் படித்துவிட்டு, மத்தியானம் தூங்கிப் பழகிய உடம்பு அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்யும்? கொட்டாவி விடும். ஆகவே மாதிரித் தேர்வுகளை வீட்டில் அதே இரண்டு மணிக்கு, லேசான சாப்பாட்டுக்குப் பிறகு எழுதிப் பழகட்டும். ஜனவரியிலிருந்து ஏ.சி. இல்லாமல் எழுதட்டும். ஏழு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்கக் கூடாது. சாயங்காலம் அரை மணி நேரம் ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரட்டும், கையில் புத்தகம் இல்லாமல்.

தீபாவளி முடிந்த வாரத்தில் மறுபடி ஒரு தரம் அந்த மூன்று பிரிவுக் கணக்கைப் போடுங்கள். 'போட்டு வைப்போம்' ரகம் குறைந்திருக்கிறதா? எடை குறைந்திருக்கிறதா? முதலாவது குறையவே இல்லை, இரண்டாவது மளமளவென்று குறைகிறது என்றால், மே மாதம் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

நடுவில் கல்யாணம், காதுகுத்து என்று பத்து விசேஷம் வரும். பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஒரு பெரியப்பா நிச்சயம் கேட்பார், "பையன் இப்ப என்ன பண்றான்?" என்று. "பசியோட இருக்கான் அண்ணே, பந்தியில இடம் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.